பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் கொஞ்சம் தயங்கினார். டியூஷன் வகுப்பாகிவிடுமோ என்ற பயம். ஆகாது. நான் ஆங்கில வாத்தியார் இல்லை. முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகக் குப்பை கொட்டியவன். சாட்சி தமிழில் சொன்னதை ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்தில் இருந்த ஆவணத்தைத் தமிழுக்கும் மாற்றி மாற்றித்தான் இந்தத் தலை நரைத்தது. ஆனால் அந்த வேலைக்கு வருவதற்கு முன்பே நான் ஒரு மொழிபெயர்ப்பு செய்தேன். அது தப்பு. இன்றைக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தாய்மாமா ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். எந்தத் துறை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு வருடம் கணக்குச் சரிபார்த்தபோது சிமென்ட் மூட்டை அறுபது குறைந்தது. அலுவலகத்தில் இதற்கு ‘இருப்புக் குறைவு’ என்று பெயர். சஸ்பென்ஷன், 17பி மெமோ, பாதிச் சம்பளமாகப் பிழைப்பூதியம் என்று நான்கு வருடம் ஓடியது. அத்தை கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. பிறகு ஒருநாள் பதிவுத் தபாலில் ஆணை வந்தது. ஒன்றரைப் பக்கம், ஆங்கிலத்தில். மாமாவுக்கு அலுவலக ஆங்கிலம் நன்றாகவே வரும். இருந்தாலும் அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்த என்னைக் கூப்பிட்டு, கடைசிப் பத்தியில் விரலை வைத்து, “மாப்ள, இந்த வார்த்தைக்கு சரியான அர்த்தம் என்னடா?” என்று கேட்டார். அந்த வார்த்தை ‘எக்ஸானரேட்டட்’.

நான் யோசிக்கவே இல்லை. “நீங்க குத்தமே செய்யலைன்னு சொல்லிட்டாங்க மாமா” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். “அப்படியா போட்டிருக்கு?” என்றார்.

அப்படிப் போட்டிருக்கவில்லை. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாததால் அதிலிருந்து இவரை விடுவிக்கிறோம் என்றுதான் போட்டிருந்தது. அறுபது மூட்டை எங்கே போனது என்பதைப் பற்றி ஆணையில் ஒரு வார்த்தை இல்லை. எடுத்தவர் இவரா, வேறொருவரா, யாருமே எடுக்கவில்லையா, எதற்கும் பதில் இல்லை. மாமா அதைக் கவனித்துவிட்டார். நான் கவனிக்கவில்லை.

சரி, சொற்களுக்கு வருவோம். ஒருவரைப் பழியிலிருந்து விலக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘எக்ஸானரேட்’, ‘எக்ஸ்கல்பேட்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் தலை ஒன்றுதான். ‘எக்ஸ்’ என்றால் வெளியே, அப்பால். வித்தியாசம் வயிற்றில் இருக்கிறது. முதல் சொல்லுக்குள் இருப்பது ‘ஓனுஸ்’, அதாவது சுமை. இரண்டாவதற்குள் இருப்பது ‘குல்பா’, அதாவது குற்றம்.

இந்த இரண்டு லத்தீன் சொற்களும் நமக்கு அப்படியொன்றும் அந்நியம் இல்லை. எந்த வக்கீலைக் கேட்டாலும் “ஓனஸ் எங்க மேல இல்லைங்க, வாதி மேலதான்” என்பார். மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் அந்தப் பேச்சு. குல்பா கோயில் வழியாக வந்தது. மாதா கோயிலைச் சொல்கிறேன். பழைய லத்தீன் பூசையில் மார்பில் தட்டிக்கொண்டு மூன்று முறை சொல்லும் ‘மெயா குல்பா’வைத் தமிழாக்கியவர்கள், குல்பாவுக்கு ‘பாவம்’ என்ற சொல்லைப் போட்டார்கள். குற்றம் என்று போடவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எக்ஸானரேட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ஒழுக்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேலைகளும் இருந்தன. கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதற்கும் அதைச் சொன்னார்கள். ஆறு கடலில் போய்த் தண்ணீரைக் கொட்டுவதற்கும் சொன்னார்கள். வயிற்றைக் காலி செய்வதற்கும் சொன்னார்கள் என்பதை, சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாமென்று விட்டுவிடுகிறேன். சுமந்திருந்ததை இறக்குவது, அவ்வளவுதான். அந்தப் பழைய பொருள் அமெரிக்க நீதிமன்றங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜாமீன் எக்ஸானரேட் ஆனது என்று அங்கே உத்தரவு போடுவார்கள். வழக்கு முடிந்துவிட்டது, ஜாமீன் கொடுத்தவருக்கு இனிப் பொறுப்பில்லை என்று அர்த்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆள் நேராகச் சிறைக்குப் போனாலும் அவனுடைய ஜாமீன் எக்ஸானரேட் ஆகிவிடும். குற்றம் அப்படியே இருக்கும். சுமை மட்டும் இறங்கும்.

எக்ஸ்கல்பேட்டுக்கு இந்த மாதிரிப் பிழைப்பெல்லாம் கிடையாது. அது ஒரே வேலைதான் செய்யும். இந்தச் செயலில் இந்த ஆளிடம் குற்றம் இல்லை என்று காட்டும். காட்டுவது ஓர் அதிகாரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு ரசீது காட்டலாம், ஒரு பேருந்துப் பயணச்சீட்டு காட்டலாம், சம்பந்தப்பட்டவரே தனக்குத்தானே காட்டிக்கொள்ளலாம்.

என் வேலையில் இந்தச் சொல் தினமும் வரும். ‘எக்ஸ்கல்பேட்டரி’ வாக்குமூலம் என்பார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் ஒருவன் நிற்கிறான். “நான்தாங்க வெட்டினேன். ஆனா அவன்தாங்க மொதல்ல அருவாளை ஓங்கினான்” என்கிறான். முதல் வாக்கியம் அவனைக் குற்றத்துக்குள் இழுக்கிறது, இரண்டாவது வெளியே தள்ளுகிறது. நம் ஊர் வாக்குமூலங்களில் எக்ஸ்கல்பேட்டரி பகுதி பெரும்பாலும் ‘ஆனா’வில்தான் தொடங்கும். அந்த ஒரு ‘ஆனா’வை ஆங்கிலத்தில் விட்டுவிட்டால் ஒருவன் ஆயுசுக்கும் உள்ளே போய்விடுவான். இது சம்பந்தமாக 1939இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் ஒரு பேர்பெற்ற தீர்ப்பு உண்டு. புரி ரயில் நிலையத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் பிணம் கிடைத்த வழக்கு. அதில் ஆட்கின் பிரபு சொன்னதன் சாரம் இது: ஒரு வாக்குமூலத்துக்குள் தன்னைக் குற்றத்திலிருந்து விலக்கும் செய்தி இருந்து, அது உண்மையானால் குற்றமே இல்லாமல் போகும் என்றால், அந்த வாக்குமூலத்தை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கும் நம் சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

ஆக எக்ஸ்கல்பேட் செயலைப் பார்க்கிறது, எக்ஸானரேட் ஆளின் தோளைப் பார்க்கிறது. ஒன்று காரணத்தால் நடப்பது, இன்னொன்று அதிகாரத்தால் நடப்பது. ஏற்றியவர்தான் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். நீங்கள் இவ்வளவு பிரிக்கிறீர்கள், ஆங்கிலக்காரர்களே பிரிப்பதில்லையே என்று. உண்மைதான். அன்றாடப் பேச்சில் இரண்டையும் கலந்துதான் பயன்படுத்துகிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இன்னும் ஒருபடி மேலே போய், எக்ஸ்கல்பேட் சின்ன விஷயங்களுக்கு, எக்ஸானரேட்தான் சந்தேகத்தின் நிழல்கூட இல்லாமல் முழுசாக விடுவிப்பது என்கிறது. 2019இல் டிரம்ப் விவகாரத்தில் முல்லர் அறிக்கை வந்தபோது, அவர் எக்ஸானரேட் ஆனாரா இல்லையா என்று அமெரிக்காவே அடித்துக்கொண்டது இந்த வலுவான பொருளை வைத்துத்தான். அகராதியோடு நான் சண்டைக்குப் போகவில்லை. பத்திரிகையில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பலம் அலுவலகக் கோப்பில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். பி.ஏ. படித்த பையன் பத்திரிகைப் பொருளை எடுத்துக் கோப்பில் வைத்து வாசித்துவிட்டான்.

இந்த இரண்டு சொற்களும் தனித்தனியாக நடந்துபோவதைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் தபால் நிலைய வழக்குகளைப் பார்க்க வேண்டும்.

அங்கே கிராமங்களிலும் சிறு தெருக்களிலும் இருக்கும் தபால் நிலையங்களைப் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கடையோடு சேர்த்து ஒப்பந்தக்காரர் ஒருவர் நடத்துவார். துணை அஞ்சல் அதிபர் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டிலிருந்து போன குடும்பங்களும் அதில் நிறைய. 1999 முதல் அவர்களுடைய கணக்கெல்லாம் ‘ஹொரைசன்’ என்ற கணினி முறைக்கு மாறியது. புஜிட்சு நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. ராத்திரி கடையடைத்துக் கணக்கு முடித்தால் திரையில் பணம் குறையும். எண்ணி வைத்த பணம் எதிரே இருக்கும், ஆனால் திரையில் காட்டும் தொகைக்குப் பற்றாது. குறைவது எவ்வளவானாலும் ஒப்பந்தப்படி அவர்கள்தான் கட்ட வேண்டும் என்றது தபால் நிறுவனம். நகையை விற்றார்கள், வீட்டை அடகு வைத்தார்கள், சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கினார்கள். உதவி எண்ணுக்குப் போன் செய்தால், உங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று பதில் வந்ததாகப் பலர் பிறகு சொன்னார்கள். ஹொரைசன் கணக்கை நம்பி 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது போலீஸ் இல்லை, தபால் நிறுவனமே. கர்ப்பிணியாகச் சிறைக்குப் போனவர் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு.

இதில் குல்பா எங்கே இருந்தது? கணினி நிரலில். கணினி நிறுவனத்திடம் ‘தெரிந்த பிழைகளின் பதிவேடு’ என்று ஒன்று இருந்தது. இன்ன பிழையால் இன்ன கணக்கு தப்பாகிறது என்று அவர்களே எழுதி வைத்தது. எக்ஸ்கல்பேட் செய்யும் காகிதம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அது குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களின் கைக்கு வரவில்லை. 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம், இந்தக் கணினியில் கணக்கைக் குலைக்கும் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்த பிறகுதான் கதவு திறந்தது.

2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 42 பேர் நின்றார்கள். நீதிபதிகள் ஒவ்வொரு வழக்காக எடுத்துப் பார்த்து 39 பேரின் தண்டனையை ரத்து செய்தார்கள். மூன்று பேருடையதைத் தள்ளுபடி செய்தார்கள், அவர்கள் வழக்குக்கு ஹொரைசன் கணக்கு அடிப்படை இல்லை என்று. இப்படிச் சலித்தெடுப்பதுதான் குல்பாவைப் பார்க்கும் முறை. நிதானமான முறை, ஆனால் நேரம் பிடிக்கும். மீதி நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள். சிலர் வரிசையிலேயே செத்துப் போனார்கள்.

2024 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சித் தொடர் இதையெல்லாம் வீட்டுக்கு வீடு காட்டியது. நாடு கொதித்தது. நாடாளுமன்றம் மே மாதம் ஒரு சட்டம் போட்டு, குறிப்பிட்ட காலத்து ஹொரைசன் தண்டனைகள் அத்தனையையும் ஒரே வீச்சில் ரத்து செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கெனவே பார்த்து உறுதி செய்தவற்றைத் தொடவில்லை. தனித்தனியாக யாரையும் விசாரிக்கவில்லை. உண்மையிலேயே எடுத்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இதில் சேர்ந்து தப்பிக்கலாம் என்று அரசே ஒப்புக்கொண்டது. பரவாயில்லை, நிரபராதிகளை இதற்கு மேலும் காக்க வைக்க முடியாது என்றார்கள். சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். அங்குள்ள பத்திரிகைகள் பலவும் எழுதிய வார்த்தை ‘எக்ஸானரேட்டட்’. மிகச் சரியான வார்த்தை. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் நூற்றுக்கணக்கான தோள்களிலிருந்து ஒரே நாளில் மூட்டையை இறக்கியது.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. நஷ்டஈடு ஆறு லட்சம் பவுண்டு. அதை வாங்க வேண்டுமென்றால் அந்த நபர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: எந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டேனோ அதை நான் செய்யவில்லை. பார்த்தீர்களா? ஓனுஸை அரசு இறக்கிவிட்டது. குல்பாவுக்கு மட்டும், நீயே சொல், நீயே கையெழுத்துப் போடு என்று பேனாவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டது.

நம் பக்கமும் வருவோம். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன், நாகர்கோவில்காரர். 1994 நவம்பரில் உளவு வழக்கில் கேரள போலீஸ் கைது செய்தது. 1996இலேயே சிபிஐ விசாரித்து, இது பொய் வழக்கு என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்துவிட்டது. எக்ஸ்கல்பேட் ஆன வருடம் அது. அவர் கைதே தேவையற்றது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது 2018 செப்டம்பரில். அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் 22 வருடம். குற்றம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் மூட்டை தோளில்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்த பையன்களிடம் இதே விஷயம் வேறு உருவத்தில் வரும். ஊர்த் தகராறில் பெயர் சேர்ந்திருக்கும், வழக்கில் விடுதலையும் ஆகியிருக்கும். ஆனால் தீர்ப்பில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று மூன்று வார்த்தை இருந்தால் போதும், விதிப்படி அவன் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கணக்கு. ‘கௌரவமான விடுதலை’ வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இல்லை என்று 2012இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தில் இல்லாத வித்தியாசம் வேலைக்கு எடுக்கும் இடத்தில் இருக்கிறது. தீர்ப்பின் மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்த பையன்கள், “சார், அந்த மூணு வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்று கெஞ்சியிருக்கிறார்கள். என்னத்தைப் பார்த்துப் போடுவது!

தமிழில் இதற்கு என்ன சொல் என்று கேட்பீர்கள். ‘விடுவித்தல்’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்து ஓட்டுகிறோம். ஆனால் பழி சேருவதைப் பற்றிப் பேசும்போது தமிழ் ரொம்பத் துல்லியம். பழியைச் ‘சுமத்துகிறோம்’. அப்படியே ஓனுஸ்தான். போக்கும்போது மட்டும் ‘துடைக்கிறோம்’. சுமையை யாராவது துடைப்பார்களா? இறக்கத்தானே வேண்டும்? ஏற்றும்போது மூட்டையாக இருப்பது, எடுக்கும்போது கறையாகிவிடுகிறது. ரொம்ப நாள் இதைத் தமிழின் குழப்பம் என்று நினைத்தேன். இப்போது, பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மூட்டையை இறக்கினாலும் தோளில் ஒரு தடம் இருக்கத்தானே செய்கிறது.

அப்புறம் அந்தப் பழமொழி: பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செய்தவன் ஒருத்தன், சுமந்தவன் ஒருத்தன். குல்பாவைப் பாவம் என்று மொழிபெயர்த்த பாதிரிமாருக்கு இந்தப் பழமொழி தெரிந்திருந்ததோ என்னவோ. ஓனுஸ் ஓரிடம், குல்பா ஓரிடம் என்பதற்கு இதைவிட நல்ல தமிழாக்கத்தை முப்பது வருடத்தில் நான் செய்ததில்லை.

மாமா கதையை முடித்துவிடுகிறேன். ஆணை வந்தது, நிலுவைச் சம்பளம் வந்தது, தள்ளிப்போன பதவி உயர்வும் பின்தேதியிட்டு வந்தது. அலுவலகத்தைப் பொறுத்தவரை அதோடு தீர்ந்தது. ஊரில் தீரவில்லை. சஸ்பென்ஷனுக்கு முன்னால் பதினோரு வருடம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வரி எழுதும் நோட்டு மாமாவிடம்தான் இருந்தது. வீடு வீடாகப் போய் வசூல் செய்து, பைசா சுத்தமாகக் கணக்கு முடிப்பார். சஸ்பென்ஷனில் அது வேறொருவர் கைக்குப் போனது. ஆணை வந்த பிறகும் திரும்பி வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் முதல் இலை, விசேஷத்துக்கு முதல் அழைப்பு, மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நோட்டு மட்டும் வரவில்லை. பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் இருக்குமே, தலைச்சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம், பிறகு நீதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த ஆணை அவருக்கு அப்படித்தான் இருந்தது. வருடா வருடம் காப்புக் கட்டும் நாளன்று தூக்கிக்கொள்வார்.

மாமா ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, கழிக்க வேண்டிய பழைய பதிவேடுகளைப் பிரிக்கும்போது அந்த அலுவலகத்து எழுத்தர் ஒருவர் வரவுப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தார். அறுபது மூட்டை வந்த ஒரே லாரிக்கு இரண்டு வரவு எழுதியிருந்தது. ஒரே சலான் எண், இரண்டு தேதி, இரண்டு கையெழுத்து. மாமா விடுப்பில் இருந்த நாளில் வேறொருவர் இன்னொரு முறை ஏற்றியிருக்கிறார். மூட்டை எதுவும் குறையவே இல்லை. வராத அறுபது மூட்டைக்கு நான்கு வருடம். எழுத்தர் நல்ல மனுஷன். ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பினார்.

மாமா என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினார். இந்த முறை அர்த்தம் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, “வா” என்றார். கோயில் தர்மகர்த்தா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். தர்மகர்த்தா காகிதத்தை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்து, சங்கடப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதெல்லாம் எதுக்கு மச்சான்? நாங்க என்ன, உன்னைக் கேட்டோமா?”

“கேக்கலை” என்றார் மாமா. “பதிமூணு வருஷமா யாரும் கேக்கலை. அதான் எடுத்துட்டு வந்தேன்.”